உருண்டையின் சுற்றளவு கையில் இருக்கிறது. கன அளவுக்கு எந்த வழியில் போவது?

என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பயிற்சித்தாளை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கேள்வி சின்னதுதான்: ஒரு காற்பந்தின் சுற்றளவு 69 செ.மீ. அதன் கன அளவு என்ன? அவள் 5540 என்று எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் விடை 5550.

"அப்பா, எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன். புக்குதான் தப்பு."

அதே நேரத்தில் உட்லண்ட்ஸிலிருந்து அக்கா ஃபோன். வீட்டிலேயே பலகாரம் செய்து ஆர்டருக்குக் கொடுப்பவள். "டேய் தம்பி, இந்த வருஷம் லட்டைக் கொஞ்சம் பெரிசாப் பிடிச்சேன். மாவு எப்படி இவ்ளோ சீக்கிரம் காலியாகுது? கணக்கு வாத்தியார்தானே நீ, சொல்லு."

இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே கணக்கு. ஆனால் இருவருக்கும் ஒரே வழியைச் சொன்னால் ஒருத்திக்கு மதிப்பெண் போகும், இன்னொருத்திக்குப் பொறுமை போகும். துணைப்பாடம் சொல்லிக் கொடுத்துப் பல வருடமாகிறது. பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் சூத்திரத்தில் இல்லை. எந்த இடத்தில் எந்த வழியை எடுப்பது என்பதில்தான்.

முதலில் மகளின் கணக்கு. பள்ளியில் சொல்லித்தருவது ஆரம் வழி. சுற்றளவை 2 பையால் (பை என்பது π, ஏறக்குறைய 3.14) வகுத்தால் ஆரம். அந்த ஆரத்தை மும்முறை பெருக்கி (அதுதான் கனம் எடுப்பது), பையாலும் பெருக்கி, மூன்றில் நான்கு பங்கு வைத்தால் கன அளவு. அவள் 69-ஐ வகுத்து 10.98 என்று தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு அந்த 10.98-ஐக் கால்குலேட்டரில் மறுபடி தட்டிக் கனம் எடுத்தாள். வந்தது 5544.9. மூன்று முக்கிய இலக்கத்துக்கு, பிள்ளைகள் பாஷையில் 'த்ரீ எஸ்.எஃப்.'-க்கு, சுருக்கினால் 5540.

உண்மையான ஆரம் 10.98169 என்று போகிறது. அதை அறுக்காமல் கனம் எடுத்தால் 5547.5, சுருக்கினால் 5550. அவள் வெட்டி எறிந்தது ஒரு செ.மீ.-இல் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஒரு தலைமுடியின் பருமன் அதைவிட அதிகம். இத்தனைக்கும் கேட்டது மூன்று இலக்கம், அவள் நான்கு வைத்திருந்தாள். அப்படியும் போயிற்று. கனம் எடுக்கும்போது ஆரத்தில் உள்ள சதவீதப் பிழை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது; இந்தக் கணக்கில் விடை 5545 என்ற எல்லைக்குப் பக்கத்தில் இருந்ததால் அந்தச் சின்னப் பிழையே வேலியைத் தாண்டிவிட்டது. 11.0 என்று சுருக்கியிருந்தால் 5575 வந்து 5580 ஆகியிருக்கும்.

இரண்டாவது, நேர் வழி. ஆரத்தின் இடத்தில் சுற்றளவைப் போட்டுச் சுருக்கிப் பார்த்தால் எல்லாம் அடங்கி இது மிஞ்சும்:

கன அளவு = சுற்றளவின் கனம் ÷ (6 × பை × பை)

69-இன் கனம் 328509. ஆறு பை வர்க்கம் 59.2176. வகுத்தால் 5547.5. நடுவில் ஆரமே இல்லை, அதனால் சுருக்கவும் இடமில்லை. பார்க்க அழகாக இருக்கிறது. அப்புறம் ஏன் பள்ளியில் இதைச் சொல்லித்தருவதில்லை என்று மகளும் கேட்டாள்.

தேர்வுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. சாதாரண நிலை ('ஓ' லெவல்) தேர்வுத்தாளின் முன்பக்கச் சூத்திரப் பட்டியலில் கோளத்தின் கன அளவு ஆரத்தை வைத்துத்தான் அச்சாகி இருக்கும். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். நேர் வழியை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். மனப்பாடம் செய்தது மறந்தால் பரவாயில்லை, தப்பாக நினைவிருந்தால்தான் ஆபத்து. ஒரு மாணவன் ஆறு பை வர்க்கத்தை ஆறு பை என்று எழுதி, 17,000 கன செ.மீ.-க்கு மேல் ஒரு பந்தைக் கொண்டுவந்து நின்றான். பதினேழு லிட்டர் பந்து! காற்பந்து என்பது ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு அளவுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு நினைப்பு இருந்தாலே அவன் பேனாவை நிறுத்தியிருப்பான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கேள்விகள் 'அ' பிரிவோடு நிற்பதில்லை. 'ஆ' பிரிவில் மேற்பரப்பைக் கேட்பார்கள், அல்லது பந்தை ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். அங்கே ஆரம் வேண்டும். நேர் வழியில் வந்தவன் திரும்பிப்போய் ஆரம் எடுக்க வேண்டியதுதான்.

ஆகவே என் முடிவு: தேர்வில் ஆரம் வழி, ஆனால் ஆரத்தைக் கைப்பட மறுபடி தட்டாமல். 69 ÷ 2 ÷ பை என்று தட்டி விடை வந்ததும், தாளில் 10.982 என்று எழுதிக்கொள்ளலாம், திருத்துபவர் பார்க்கட்டும். கால்குலேட்டரில் மட்டும், முந்தைய விடையை அப்படியே எடுத்துத்தரும் 'ஆன்ஸ்' பொத்தானைத் தட்டிக் கனம் எடுக்க வேண்டும். நேர் வழியைக் கடைசியில் ஒருமுறை தட்டிச் சரிபார்க்கலாம். பத்து விநாடி ஆகும்.

இரண்டு வழியிலும் அடைப்புக்குறிதான் எமன். 69 ÷ 2 × பை என்று தட்டினால் ஆரம் 108 செ.மீ. வரும். அந்தப் பந்து ஓர் ஆளைவிட உயரம். நேர் வழியில் அடைப்பை விட்டால் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்.

பையின் மதிப்பையும் சொல்லிவிடுகிறேன். தேர்வில் கால்குலேட்டரின் பையை எடுக்கலாம், அல்லது 3.142. இரண்டிலும் இந்தப் பந்துக்கு 5550 தான் வருகிறது. எங்கள் காலத்துப் பழக்கமான 22/7-ஐ எடுத்தால் 5543 வந்து மறுபடி 5540-இல் விழும். தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிற வீடுகளில் இதைக் கவனியுங்கள்.

இனி அக்கா. அவளிடம் பை, ஆன்ஸ் பொத்தான் என்று பேசினால் ஃபோனை வைத்துவிடுவாள். அவளுக்கு நான் சொன்னது மூன்றாவது வழி: சுற்றளவை மும்முறை பெருக்கு, அறுபதால் வகு. 59.2-க்குப் பதில் 60. விடை எப்போதும் நூற்றுக்கு 1.3 குறைவாக வரும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கையால் பிடிக்கிற லட்டில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசமே அதைவிட அதிகம்.

"நூல் எடுத்து லட்டைச் சுத்தி அளந்து பாருக்கா. போன வருஷ சைஸ்ல ஒண்ணு, இந்த வருஷ சைஸ்ல ஒண்ணு."

ரவிக்கை தைக்கிற டேப்பையே எடுத்துவிட்டாள். நெய் ஒட்டிக்கொண்டதற்கு எனக்குத் தனியாகத் திட்டு. பழையது 12.6 செ.மீ., புதியது 13.2. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 12.6-ஐ 12.6-ஆல் பெருக்கினால் 158.76, இன்னொரு முறை பெருக்கினால் ஏறக்குறைய 2000, அறுபதால் வகுத்தால் 33.3 கன செ.மீ. 13.2-க்கு அதே மாதிரி 2300, வகுத்தால் 38.3. சுற்றளவில் கூடியது ஆறு மில்லிமீட்டர். மாவில் கூடியது நூற்றுக்குப் பதினைந்து. நூறு லட்டுக்குப் பிசைந்த மாவில் எண்பத்தேழுதான் தேறும். அவளுக்கு அதுதான் நடந்திருந்தது. அவள் கடைக்காரர் எடை குறைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இங்கே இன்னொன்று கவனிக்கலாம். அக்காவின் கேள்விக்கு உண்மையில் அறுபதும் வேண்டாம். ஒன்றைவிட இன்னொன்று எவ்வளவு பெரிது என்றுதானே கேட்டாள்? 13.2-ஐ 12.6-ஆல் வகுத்து, அதன் கனத்தை எடுத்தால் 1.15. வகுக்கும் எண் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் அடிபட்டுப் போகிறது.

விளையாட்டு விதிகளிலும் இதே கூத்து ஒளிந்திருக்கிறது. ஆண்கள் ஆடும் செபாக் தக்ரா (பின்னிய பந்தைக் காலால் வலைக்கு மேல் உதைத்து ஆடும் ஆட்டம்) பந்தின் சுற்றளவு 41-இலிருந்து 43 செ.மீ.-க்குள் இருக்கலாம். இரண்டு செ.மீ.தானே என்று தோன்றும். கன அளவு 1164-இலிருந்து 1343 வரை போகிறது. அங்கேயும் அதே பதினைந்து சதவீதம்தான். காற்பந்துக்கு அனுமதிக்கப்படும் 68-இலிருந்து 70 வரையிலான வரம்பில் வித்தியாசம் ஒன்பது சதவீதம்.

எந்த வழியில் வகுத்தாலும் டேப் பிழையாகப் படித்தால் எல்லாம் வீண். ஒரு பந்துக்கு விட்டத்தை அளப்பதா, சுற்றளவை அளப்பதா என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு சுற்றளவு என்பேன். இரண்டு புத்தகத்துக்கு நடுவில் பந்தை வைத்து ஸ்கேலால் விட்டத்தை அளக்கும்போது இரண்டு மில்லிமீட்டர் தவறுவது சர்வ சாதாரணம். 22 செ.மீ.-இல் அது நூற்றுக்கு 0.9, கன அளவில் 2.7. அதே இரண்டு மில்லிமீட்டர் 69 செ.மீ. சுற்றளவில் 0.3 தான், கன அளவில் 0.9. கைப்பிழை ஒன்றுதான், பலன் மூன்றில் ஒன்று.

ஆனால் டேப்புக்கும் ஒரு வியாதி உண்டு. அது நடுவயிற்றை விட்டு நழுவும். காற்பந்தின் நடுவிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி வளைத்தால் சுற்றளவு 0.4 சதவீதம் குறையும். கன அளவில் 1.2 போய்விடும். நழுவினால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும், கூடுதலாகக் காட்டாது. அதனால் டேப் தளராமல், மூன்று திசையில் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று கணிசமாக வேறுபட்டால் உங்கள் கையில் இருப்பது கோளமே இல்லை. அப்போது இதுவரை சொன்ன மூன்று வழியையும் மூட்டை கட்டி வைக்க வேண்டும்.

எனக்கு அப்படித்தான் சீனப் புத்தாண்டில் நடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வழக்கம்போல் ஜோடி மாண்டரின் ஆரஞ்சு வந்தது. நடுவயிற்றுச் சுற்றளவு 22 செ.மீ. நேர் வழியில் போட்டால் 180 கன செ.மீ. ஆனால் ஆரஞ்சு மேலும் கீழும் தட்டையாக, சப்பி வைத்த மாதிரி இருக்கிறது. விட்டம் 7 செ.மீ., உயரம் 5.8 தான்.

இங்கேதான் நான்காவது வழி கைகொடுக்கிறது, அதுவும் எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுப் பழசு. 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் இரண்டாம் பாஸ்கரர் கோளத்தின் கணக்கை இப்படித்தான் கட்டுகிறார்: சுற்றளவை விட்டத்தின் கால்பங்கால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு, அதை நான்கால் பெருக்கினால் கோளத்தின் மேற்பரப்பு, அதை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் உள்ளே அடங்கிய கன அளவு. மேற்பரப்பை அவர் பந்தைச் சுற்றிய வலைக்கு ஒப்பிடுகிறார். அவர் சொல்லும் கந்துகம் என்ற சொல் தமிழிலும் பந்துதான். பின்னல் பின்னலாக வலையே பந்தான தக்ரா பந்தைக் கீழ்த்தளத்தில் பையன்கள் உதைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும். அவருக்கு ஆறரை நூற்றாண்டு முன்னால், 499-இல், பையை 3.1416 வரை சொன்ன ஆரியபடரே கோளத்தின் கன அளவில் சறுக்கியிருக்கிறார். அவர் சொன்ன விதிப்படி போட்டால் விடை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூட வரும். ஆகவே பிள்ளைகளை ரொம்பத் திட்டாதீர்கள்.

பாஸ்கரர் வழியைச் சுருக்கினால்: சுற்றளவு × விட்டம் × விட்டம் ÷ 6. பை எங்கேயும் கண்ணில் படாது. இரண்டையும் தனித்தனியாக அளந்துகொண்டால் கால்குலேட்டரே தேவையில்லை. அதைவிடப் பெரிய சௌகரியம், ஆரஞ்சு மாதிரி தட்டையான உருண்டைக்கு ஒரு விட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உயரத்தை வைக்கலாம். 22 × 7 × 5.8 ÷ 6. கிடைப்பது 149. குத்துமதிப்பாக ஒட்டுப்போட்ட வேலையில்லை இது. சீராகத் தட்டையான உருண்டைக்குக் கணிதப்படியே சரியான சூத்திரம் இதுதான். பள்ளிச் சூத்திரத்தில் ஆரம் ஒன்றே மூன்று முறை வருவதால் எந்த ஆரத்தை மாற்றுவது என்று கண்ணுக்குத் தெரியாது. இதில் மூன்று அளவும் தனித்தனியாக நிற்கின்றன.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஐந்தாவது வழி இருக்கிறது: தண்ணீர். அளவுப் பாத்திரத்தில் பழத்தைப் போட்டு நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்தது; வாய் அகன்ற பாத்திரத்தில் அது நம்பத்தகுந்ததாக இருக்காது. அதைவிடச் சமையலறைத் தராசு நல்லது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். பழத்தைச் சாத்தே குச்சியால் குத்தி, முழுதும் மூழ்கும்வரை அழுத்துங்கள். பழம் கிண்ணத்தின் அடியையும் பக்கத்தையும் தொடக்கூடாது. தராசு காட்டும் கிராமே கன செ.மீ. ஆரஞ்சுக்கு எங்கள் வீட்டுத் தராசு 147-க்கும் 150-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. மகள் கை நடுங்காமல் பிடிக்க நான்கு தடவை ஆனது. 180 எங்கே, 149 எங்கே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எலுமிச்சை, ஆரஞ்சு, உருளைக்கிழங்குக்கு இதைவிடத் துல்லியமான வழி வீட்டில் இல்லை. ஆனால் காற்பந்தை இப்படி அளக்க நினைக்காதீர்கள். அதை முக்க ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். ஐந்து கிலோ தராசாக இருந்தால் அது கையை விரித்துவிடும். தக்ரா பந்தில் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். லட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கரைந்த பூந்திதான் மிஞ்சும். லட்டை எப்படியும் இந்த முறையில்தான் அளப்பேன் என்பவர்கள் தண்ணீருக்குப் பதில் கடுகை எடுத்துக்கொள்ளலாம். ரொட்டியின் கன அளவைச் சோதிக்கிறவர்கள் கடுகின் சொந்தக்காரச் செடியான ரேப் விதையைத்தான் காலங்காலமாகப் பாத்திரத்தில் கொட்டிப் பார்க்கிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் பதில் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.

இரண்டு நாள் கழித்து அவளே மறுபடி கூப்பிட்டாள். கல்யாண வீட்டு ஆர்டராம். "சாதா லட்டைவிட ரெண்டு மடங்கு பெரிசா வேணுமாம். டேப்ல எவ்ளோடா வரணும்? இருபத்தஞ்சா?"

இரண்டின் கனமூலம் 1.26. 12.6-ஐ அதனால் பெருக்கினால் 15.9. சொன்னேன்.

"வெறும் மூணு சென்டிமீட்டரா? சும்மா சொல்லாத."

"ஒண்ணு பிடிச்சு தராசுல வச்சுப் பாருக்கா."

ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மாவு பிடிக்கிற சத்தமும், டேப்பைத் துடைத்துக்கொண்டே அவள் முணுமுணுப்பதும் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"சின்னது நாப்பத்தொண்ணு காட்டுது. பெரிசு எண்பத்துமூணு" என்றாள். "சரி, விலை எவ்ளோ சொல்லட்டும்?"